கப்பல்காரர் பதில்கள்: இரவு மணி 11.41

கேள்வி: ஜூன் விடுமுறைக்கு சிங்கப்பூர் மெரினா பே முனையத்தில் ஏறி பினாங்கு, புக்கெட் போய் வர நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். மகளுக்கு ஒன்பது வயது, மாமியாருக்கு எழுபது. கப்பல் ஊழியர் ஒருவர் பயணியிடம் தவறாக நடந்து கைதான செய்தி ஒன்றைப் படித்ததிலிருந்து மாமியார் "பணம் போனால் போகட்டும், வேண்டாம்" என்கிறார். ஊழியர்களைப் போலீஸில் விசாரித்த பிறகுதானே வேலைக்கு எடுக்கிறார்கள்?
– வாசகி, ஈசூன்

பதில்: மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பஃபேயில் சைவம் கிடைக்குமா என்றுதான் கேட்கின்றன. அறைச் சாவி யார் கையில் இருக்கிறது என்று கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

பத்தொன்பது வருடம் பயணிகள் கப்பலில் இருந்தேன். படுக்கை விரிக்கும் ஸ்டூவர்டாக ஏறியவன், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இறங்கினேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விசாரிக்கிறார்கள், சரிதான். தூத்துக்குடிப் பையன் என்றால் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் போலீஸ் கிளியரன்ஸ் (குற்றப்பதிவு இல்லை என்ற சான்றிதழ்), கையில் சிடிசி என்ற கடலோடிப் பதிவுப் புத்தகம். மணிலாக்காரர் பிலிப்பைன்ஸ் தேசியப் புலனாய்வுத் துறையான என்.பி.ஐ.யின் கிளியரன்ஸ் கொண்டுவருவார். நம்ம ஊர்க்காரருக்கு நம் போலீஸ் தரும் சிஓசி, அதுவும் அதே மாதிரிச் சான்றிதழ்தான். மருத்துவச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் செல்லாது. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் இதற்கு மேல் அவர்களுடைய கப்பல் ஊழியர் விசா இருக்கிறது. தூதரகத்தில் பத்து விரல் ரேகையும் வைத்து நேர்முகத்துக்கும் உட்கார வேண்டும். பினாங்கும் புக்கெட்டும் மட்டும் சுற்றும் கப்பலில் வேலை செய்ய அந்தச் சல்லடை தேவைப்படாது.

ஆனால் அந்தப் போலீஸ் காகிதம் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த ஆள்மேல் இந்த நாட்டுப் போலீஸ் பதிவில் ஒன்றுமில்லை. வேறு நாட்டில் செய்தது அதில் வராது. வழக்காகாத புகாரும் வராது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு காலையில் ஓர் அம்மா ரிசெப்ஷனுக்கு வந்தார். முந்தின இரவு கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டதாம். கனவாக இருக்கும் என்று கணவர் சொல்லியும் கேட்காமல் வந்திருந்தார். செக்யூரிட்டி ஆள் கையடக்கக் கருவியைக் கதவுப் பூட்டில் சொருகிப் பதிவை எடுத்தார். கார்டு பூட்டுக்கு ஞாபகசக்தி உண்டு, எந்தச் சாவி எத்தனை மணிக்குத் திறந்தது என்று வரிவரியாகக் காட்டும். இரவு மணி 11.41 என்று ஒரு வரி இருந்தது. ஸ்டூவர்டின் மாஸ்டர் சாவி. அந்தச் சாவி எட்டரைக்கே திரும்பி வந்து பெட்டியில் தொங்கியிருக்க வேண்டும். வந்ததாக நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்தும் இருந்தது. கையெழுத்து என்னுடையது. அன்று ஆள் குறைவு, சாவிகளை எண்ணாமலே மொத்தமாகப் போட்டுவிட்டேன். இன்றுவரை மனதில் குத்துகிறது.

குழந்தையின் பொம்மையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன் என்றான் அந்த ஸ்டூவர்ட் பையன். அடுத்த துறைமுகத்தில் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டார்கள். எனக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. எட்டு மாதம் கழித்து தாய்லாந்தின் லெம் சபாங் துறைமுகத்தில் நிற்கிறேன், அதே பையன் வேறு கம்பெனிச் சட்டையில் "குட் மார்னிங் சார்" என்று போகிறான்! வழக்கு நடக்கவில்லை, அதனால் கிளியரன்ஸ் சுத்தம். ஒரு கம்பெனி கழித்துவிட்ட ஆளை அடுத்த கம்பெனிக்குத் தானாகக் காட்டிக்கொடுக்கும் உலகப் பொதுப் பட்டியல் எதுவும் கிடையாது.

இதற்காக மாமியாரை இன்னும் பயமுறுத்த வேண்டாம். என்னோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். நான் சொல்ல வருவது, காகிதத்தை நம்பிவிட்டுச் சாவியை மறந்துவிடாதீர்கள் என்பதுதான். அமெரிக்கர்கள் 2010இல் போட்ட சட்டத்திலேயே இது இருக்கிறது. 250 பயணிகளோ அதற்கு மேலோ ஏற்றும் கப்பலில் கைப்பிடிக் கம்பி 42 அங்குலம் உயரம் வேண்டும், அறைக் கதவில் பார்வைத் துளை வேண்டும், எந்த ஊழியர் எந்த நேரத்தில் அறைக்குள் போகலாம் என்பதற்கு விதிமுறை வேண்டும். அமெரிக்காவில் ஆள் ஏற்றும் அல்லது இறக்கும் கப்பலைத்தான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் நீங்கள் ஏறும் கப்பலில் இதே மூன்றையும் தேடிப் பார்ப்பதை யார் தடுப்பது?

அறைக்குள் போனதும் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையா, பெட்டியைத் திறக்காமல் ரிசெப்ஷனுக்குப் போன் போடுங்கள். இரவில் தாழ்ப்பாள் போட்டால் சாதாரண மாஸ்டர் சாவியால் திறக்க முடியாது. கதவைத் தட்டி "ஹவுஸ்கீப்பிங்" என்று யார் சொன்னாலும் மகள் திறக்கக் கூடாது. சிறுவர் கிளப்பில் விட்டால், கூட்டிப் போக வருபவரின் பெயரை எழுதிக் கொடுங்கள், தானாக வெளியே வர அனுமதி வேண்டாம் என்று கட்டத்தில் குறியுங்கள். ஊழியர் யாராவது மகளின் போன் நம்பரைக் கேட்டாலோ, ஊழியர் பகுதியைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றாலோ அங்கேயே புகார் செய்யுங்கள். பாவம், வேலை போய்விடுமே என்று பார்க்காதீர்கள். அது கூடாது என்பது ஏறிய முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தருவது.

கேள்வி: நடுக்கடலில் ஒன்று நடந்தால் எந்த நாட்டுப் போலீஸ் வரும்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கப்பலின் பின்பக்கம் பெயருக்குக் கீழே ஓர் ஊர் பெயர் எழுதியிருக்கும். நசாவ் என்றால் பஹாமாஸ், வலெட்டா என்றால் மால்ட்டா. ஆழ்கடலில் அந்தக் கொடி நாட்டின் சட்டம்தான். கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் என்றால் கரை நாட்டுக்கும் பிடி உண்டு. மலாக்கா நீரிணை குறுகலானது, இரண்டு மூன்று நாடுகள் கை நீட்டலாம். எல்லாரும் கை நீட்டும் இடத்தில் யாரும் கை நீட்டாமலும் போகலாம், அதுதான் சிக்கல்.

அதனால் நாட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் ஆதாரம். கேமராப் பதிவு நாள்போக்கில் அழிந்துவிடும். எனவே செக்யூரிட்டி அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பூட்டுப் பதிவையும் கேமராப் பதிவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், புகாரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உடல்மேல் கை வைத்த விஷயம் என்றால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் கப்பல் மருத்துவரிடம் போக வேண்டும். கரையிலிருக்கும் குடும்பத்தாரிடம் அன்றே சொல்லுங்கள். கப்பல் இங்கே திரும்பியதும் நம் போலீஸிலும் புகார் கொடுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று அவர்களே சொல்லட்டும், நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சி என்று அலைக்கழிக்கிறார்களே, போகாவிட்டால் என்ன?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மானம் போகும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகளில் பலருக்கு இன்னும் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் போனில் படம் பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடமான உங்கள் மஸ்டர் ஸ்டேஷனுக்கு ஒருமுறை நடந்து போய் முகம் காட்டினால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை.

ஈசூன் வாசகிக்கு ஒன்று விட்டுப்போயிற்று: மாமியாருக்குப் படி இறங்கச் சிரமம் என்றால் ஏறியதுமே ரிசெப்ஷனில் சொல்லி, உதவி தேவைப்படுவோர் பட்டியலில் அறை எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அவசரத்தில் லிஃப்ட் ஓடாது.