மருத்துவமனையில் நிறம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் கறுப்பினத்தவர் நடத்தப்படும் விதம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் மகள் அங்கேதான் இருக்கிறாள். போன வருஷம் அவள் பேறுகாலத்துக்கு நானும் போயிருந்தேன். பிள்ளை பிறந்த மறுநாள் தலைவலி தாங்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று மாத்திரை கொடுத்தார்கள். சாயந்திரம் மருமகன் சத்தம் போட்ட பிறகுதான் பிரஷர் பார்த்தார்கள். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தெய்வாதீனமாகத் தப்பினாள்.

ஆனால் இதை நிறம் பார்த்துச் செய்ததாக என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நர்ஸ் அன்பாகத்தான் பேசினார். கையில் காசிருந்தால் எங்கும் நல்ல வைத்தியம் கிடைக்கும். அங்கே கறுப்பினத்தவர் பலர் ஏழைகள், அதனால் அவதிப்படுகிறார்கள், அவ்வளவுதானே? நம் ஊரில் டாக்டரும் நோயாளியும் ஒரே நிறம். நமக்கு இந்தப் பிரச்சினை இல்லை. டாக்டருக்கு நல்ல மனசு இருந்தால் போதாதா?

பேர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, தேவகோட்டை

*

அன்புள்ள ஆச்சி,

மகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேறுகாலத்தையொட்டிய ரத்தக் கொதிப்பு பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரைகூட வரலாம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எல்லாம் அதன் அடையாளங்கள். அடுத்த முறை இப்படி எதுவும் வந்து யாரும் காதில் வாங்காவிட்டால், "நான் சொன்னதை நேரம் போட்டு என் குறிப்பேட்டில் எழுதுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் ஏறியதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். கூட ஒருவர் இருப்பதும் அவசியம். உங்கள் மருமகன் சத்தம் போட்டது சரியான காரியம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏழ்மை பெரிய காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதோடு முடியவில்லை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர் இறந்தார்கள், கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தார்கள். காசும் படிப்பும்தான் காரணமென்றால், படித்த கறுப்பினப் பெண்களிடம் இந்த வித்தியாசம் மறைந்திருக்க வேண்டும். அதே மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால இறப்பு வீதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட அதிகமாக இருந்தது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸிடம் இல்லாத காசா? 2017இல் மகள் பிறந்த மறுநாள் மூச்சு முட்டியது. ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்த உடம்பு என்பதால், ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று அவரே சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலைத்தான் பரிசோதித்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன.

நல்ல மனசு போதாதா என்று கேட்கிறீர்கள். எடைக்கல் தேய்ந்திருந்தால், கடைக்காரர் தர்மவானாக இருந்தாலும் வாங்குகிறவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். மருத்துவத்தில் இனப் பாகுபாட்டின் பெரும்பகுதி இந்த எடைக்கற்களில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2021இல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது காரைக்குடியில், விரலில் கிளிப்போல மாட்டும் ஆக்ஸிமீட்டருக்கு அலையாத வீடு குறைவு. எங்கள் தெருவில் ஒரு கிளிப் நாலு வீட்டுக்குச் சுற்றியது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி, மேலே இருந்தால் வீட்டிலேயே குப்புறப் படுத்திருக்கலாம் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கிளிப் விரல் நுனி வழியாகச் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் செலுத்தி, மறுபக்கம் வந்து சேர்வதை வைத்து ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று கணிக்கிறது. தோலுக்குக் கருமை தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். பெரும்பாலும் வெளுத்த தோலை வைத்தே அந்தக் கணிப்பைச் சரிபார்த்திருந்தால், கறுத்த விரலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களின் தமனி ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்த விவரங்களைப் பார்த்தபோது, வெள்ளையினத்தவரில் 3.6 சதவீதம் பேருக்கும் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் பேருக்கும் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது. இது புதுச் செய்தியும் இல்லை. 1990லேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி ஒரு ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது. முப்பது வருஷம் அது கிடப்பில் கிடந்தது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். செட்டிநாட்டு வெயிலில் கறுத்த நம் விரல்களிலும் அதே கிளிப்பைத்தான் மாட்டினோம். யார் யாருக்கு அது பொய்யான தைரியம் சொல்லி வீட்டில் படுக்க வைத்ததோ, இனி யார் கண்டுபிடிப்பது?

அடுத்தது சிறுநீரகம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "கிரியேட்டினின் எவ்வளவு இருக்கு?" என்று விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு நம் பக்கம் சர்க்கரை பெருகிவிட்டது, அதனால் இது உங்களுக்கு எளிதில் புரியும். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு. அதன் அளவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. 2009இல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும். அவர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் அதன் பின்னால் இருந்தது. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில் சேர அளவு 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 18 இருக்கும் ஒருவரை இந்தப் பெருக்கல் 20.9 ஆக்கிவிடும். வரிசையில் இடமில்லை, போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்பார்கள். கணினி போட்ட கணக்கை வாசித்துச் சொன்ன டாக்டர் தங்கமானவராகவே இருந்திருக்கலாம். 2021இல் இனத்தைச் சேர்க்காத புதுச் சூத்திரம் வந்தது. 2023 தொடக்கத்திலிருந்து, பழைய சூத்திரத்தால் இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளின் கணக்கில் சேர்த்துத் தர வேண்டும் என்று மாற்றுச் சிகிச்சை மையங்களுக்கு உத்தரவானது. பல ஆயிரம் பேருக்கு இழந்த காலம் திரும்பக் கிடைத்தது.

சரி, எப்படித் திருத்துவது? திருந்திய இடங்களைப் பார்க்கலாம். 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு, சில ஊர்களில் அனுமதியே கிடையாது. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு தொடங்கியபோது, பிரித்து வைக்கும் மருத்துவமனைக்கு அந்தப் பணத்தில் ஒரு காசும் வராது என்று அரசு சொல்லிவிட்டது. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பிரிவினையைக் கைவிட்டன. அதன் பிறகு தென் மாநிலங்களில் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் சாகும் கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை கிடுகிடுவென்று இறங்கியது. அத்தனை டாக்டர்களின் மனசும் மாறட்டும் என்று காத்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்க மாட்டார்கள்.

கலிபோர்னியாவில் செய்தது இன்னும் சின்னக் காரியம். பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது என்று கண்ணால் மதிப்பிடுவதை விட்டுவிட்டு, நனைந்த துணிகளைத் தராசில் வைத்து எடை பார்க்கச் சொன்னார்கள். இத்தனை கிராம் தாண்டினால் இந்த மருந்து, அதையும் தாண்டினால் ரத்தம் ஏற்று என்று எல்லாத் தாய்க்கும் ஒரே முறை. "இவள் தாங்குவாள்" என்று யாரும் ஊகிக்க வேண்டிய இடமே அதில் இல்லை. ரத்தப்போக்கால் வரும் கடுமையான பாதிப்பு எல்லாருக்கும் குறைந்தது, கறுப்பினத் தாய்மாருக்கு அதிகமாகக் குறைந்தது.

நமக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி, இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நம் பக்கத்து மக்கள் வட்டிக்கடை வைக்க மலேயா போன அதே காலத்தில்தான் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கூலி ஜனங்களும் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். 1901இல் கிள்ளான் நகரத்தில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நீரை வடிய வைத்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். அந்த வேலை தோட்டங்களை எட்டுவதற்குள் வருஷக்கணக்கில் தமிழர்கள் காய்ச்சலில் செத்தார்கள். அங்கே நாம்தான் கறுப்பர்.

இங்கே ஊருக்குள் பிரிப்பது நிறமில்லை. நம் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளி வரிசையில் நான் பார்த்தது இது. காலனியிலிருந்து வந்த ஒரு பாட்டியின் காலில் புண் அழுகியிருந்தது. சீட்டை வாங்கியவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று அதட்டினார். பாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டாயிற்று. ஒருவேளை அவர் முன்பே வந்து திருப்பி அனுப்பப்பட்டவராக இருக்கலாம். கேட்டால்தானே தெரியும். அவருக்குப் பின்னால் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்ற என்னிடம் அதே ஆள், "சொல்லுங்க சார்" என்றார்.

நம்மிடம் நல்ல அடித்தளம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கக் கறுத்த தோலில் வெளிறலைத் தேடக் கூடாது என்று நம் கிராம சுகாதார செவிலியர்களுக்குத் தெரியும். கீழிமையை இழுத்துப் பார்ப்பார்கள், நாக்கைப் பார்ப்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்தப் பாட்டியின் தெருவிலிருந்தே ஒரு டாக்டர் வர அது வழி. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கும் வழக்கம் 1990களிலேயே தொடங்கிவிட்டது. 2018–20 கணக்கில் இந்தியா முழுவதற்கும் லட்சத்துக்கு 97 தாய்மார் இறந்தபோது இங்கே 54. விசாரிக்கப்படும் என்ற எண்ணமே உயிரைக் காக்கிறது என்று நான் நம்புகிறேன்.

என் கோரிக்கை இதுதான். அந்த விசாரணைகளின் முடிவுகளைச் சாதிவாரியாக, ஒன்றியம்வாரியாக வருஷாவருஷம் பொதுவில் வைக்க வேண்டும். இறந்தவர் எத்தனை மணிக்கு என்ன சொன்னார், கேட்டவர் எப்போது என்ன செய்தார் என்பதும் அதில் இருக்க வேண்டும். இனி அரசு வாங்கும் ஆக்ஸிமீட்டர் எதுவானாலும் நம் நிறத்தில் சோதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தும் வேண்டும், ஆச்சி. அதில் பேர் போட்டாக வேண்டும்.