ஜீப்பில் வின்ச் பொருத்தப் பம்பர் போதுமா?

பெங்களூரில் பழைய ஜீப் ஒன்றைக் காட்டுப்பாதைக்கு ஏற்றபடி மாற்றி வருவதாகவும், சிக்கிய வண்டியை மோட்டாரால் கயிறு சுற்றி இழுத்தெடுக்கும் வின்ச் எதை வாங்கலாம், அதைப் பம்பரிலேயே பொருத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பம்பரில் பொருத்தாதீர்கள். வின்சைக் கடைசியில் வாங்குங்கள். அது உட்காரப்போகும் தகட்டை முதலில் செய்யுங்கள்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். முதலில் வின்ச் வாங்கினேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் 4 மி.மீ. தகட்டைப் பம்பரோடு வெல்டிங் செய்து அதன்மேல் ஏற்றிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனேக்கல் பக்கம் ஓர் ஏரிக்கரையில் வண்டி வண்டலில் இறங்கியபோது, சற்றுச் சாய்வாக நின்ற தைல மரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தோம். இரண்டு முழம் நகர்ந்திருக்கும். பழைய கதவில் ஆணி பிடுங்குவது போல ஒரு கிறீச்சொலி. வின்சின் இடது கால் தகட்டோடு சேர்ந்து மேலே எழும்பிவிட்டது. வெல்டிங் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. என் மைத்துனன் இறுகி நின்ற கயிற்றுக்கு அருகிலேயே நின்றிருந்தான். இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

கயிறு தகட்டின் மட்டத்துக்கு மேலிருந்து இழுப்பதால் தகடு முன்பக்கம் கவிழப் பார்க்கும். சாய்வாக இழுத்தால் ஒரு பக்கத்துக் கால்களே பெரும்பாலான சுமையைத் தாங்கும். இரண்டுக்கும் ஈடுகொடுக்க வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸால்தான் முடியும்.

இரண்டாவது முறை பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்த கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரிடம் போனேன். அவர் வின்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துச் சேஸிஸின் முன்முனைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று ஒலித்த இடங்களைக் கடந்து, வலப்பக்கம் ஓரிடத்தில் பொத்தென்று ஒலி கேட்டதும் சாக்கட்டியால் வட்டம் போட்டார். “தம்பி, உள்ளே துரு தின்றிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எந்தத் தகடு போட்டும் பயனில்லை” என்றார். அந்தத் துண்டை வெட்டிப் புதிது வைத்த பிறகுதான் 8 மி.மீ. தகட்டை அளந்தார். இரு பக்கமும் மடித்து, மூலைகளில் முக்கோணத் தாங்கிகள் வைத்து, சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் 8.8 வலிமைத் தர போல்ட்டுகளால் இறுக்கினார். துளை போட முன்கூட்டியே அளவு வேண்டுமென்றால், 8,000 முதல் 12,000 பவுண்டு வரை இழுவைத் திறன் கொண்ட பெரும்பாலான வின்சுகளின் கால்கள் 254 × 114.3 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும்.

இனி எந்த அளவு என்பது. ஆட்கள், சாமான், டீசல் எல்லாவற்றோடும் வண்டியை எடைமேடையில் நிறுத்துங்கள். என்னுடையது 1,960 கிலோ. அதைப்போல் ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எனக்கு 2,940 கிலோ. 8,000 பவுண்டு வின்ச் சுமார் 3,630 கிலோ இழுக்கும் என்பதால் தாராளம் போலத் தெரியும். ஆனால் அந்த எண், வின்சில் கயிறு சுற்றும் உருளையில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. நான்காவது அடுக்கில் இழுவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால்தான் நான் 9,500 பவுண்டு வாங்கினேன். மேலும் தேவைப்பட்டால் மரத்தில் ஒரு கப்பி கட்டிக் கயிற்றை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். வேகம் பாதியாகும், இழுவை ஏறத்தாழ இரட்டிக்கும்.

கயிறு சுற்றும் திசையைக் கவனியுங்கள். பெரும்பாலான வின்சுகளில் கயிறு உருளையின் அடிப்பக்கத்திலிருந்து வெளிவர வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் வின்சின் தானியங்கி பிரேக் பிடிக்காது; மேட்டில் பாதி ஏறிய வண்டி பின்னால் உருண்டு வரும். எஃகுக் கயிற்றை விட்டுச் செயற்கை இழைக் கயிற்றுக்கு மாறுவதானால், கயிறு வெளிவரும் வாயில் இருக்கும் பழைய சிறு உருளைகளைக் கழற்றி, வழவழப்பான அலுமினிய வாயைப் பொருத்துங்கள். எஃகுக் கயிறு அறுத்து வைத்த பிசிறில் புதுக் கயிறு ஒரே நாளில் நாராகிவிடும். மரத்தில் கட்ட எப்போதும் அகலமான நாடாதான். கயிற்றை நேரடியாகச் சுற்றினால் மரப்பட்டை அறுந்து மரமும் சாகும்.

முழுச் சுமையில் மோட்டார் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அவ்வளவு தராது, மிச்சத்தை பேட்டரிதான் கொடுக்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், இடையிடையே மோட்டாரை ஆறவிடுங்கள். பேட்டரிக்கு அருகில் துண்டிப்பு சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வண்டிக்கு முன்னால் கனத்த இரும்புத் தடுப்புகள் வைப்பதற்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வருகிறது. தகடு வெட்டும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கயிறு முழுவதையும் அவிழ்த்து, உருளையில் பத்துச் சுற்று மட்டும் விட்டு, மெல்லிய சரிவில் வண்டியின் எடையாலேயே இறுக்கமாகச் சுற்றுங்கள். முதல் இழுவைக்குப் பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் எட்டு போல்ட்டுகளில் இரண்டு, இன்னும் கால் சுற்று முறுக்க இடம் கொடுத்தன.