தலைப்பு இருக்கட்டும், முதலில் புதன்கிழமையைக் கேளுங்கள்

கேள்வி: நான் வடசென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர். எம்.டி. முடித்து நாலு வருடம் ஆகிறது. வீடு தண்டையார்பேட்டை, இரண்டு சின்னப் பிள்ளைகள். காசநோயும் சர்க்கரையும் சேர்ந்து இருப்பவர்களை ஓபியில் நிறையப் பார்க்கிறேன். யாருக்கு மருந்து சரியாக வேலை செய்யாது என்று ரத்தத்திலேயே முன்கூட்டிக் காட்டும் அடையாளம் ஒன்றைத் தேட ஆசை. வழிகாட்டத்தான் ஆள் இல்லை. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், 'டேட்டாவை அனுப்புங்கள், உங்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறேன்' என்கிறார். அனுப்பலாமா?

பதில்: டாக்டர், உங்கள் கடிதத்தில் நோய் இருக்கிறது, ஆசை இருக்கிறது, ஆள் இல்லை என்ற குறையும் இருக்கிறது. நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் என்.ஐ.ஹெச். என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு இளம் மருத்துவ ஆசிரியர்களுக்குக் 'கே' விருதுகள் என்று சில தருகிறது. அதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விருது பெறுபவரின் வேலை நேரத்தில் பொதுவாக முக்கால் பங்கை ஆராய்ச்சிக்கும் அதற்கான பயிற்சிக்கும் விட்டுவிடுவோம் என்று அவருடைய நிறுவனம் எழுதித் தர வேண்டும். வழிகாட்டியும் என்ன கற்றுத் தரப்போகிறார் என்று எழுத வேண்டும். அந்த ஊர்ப் பணம் நமக்கு வராது, யோசனை வரலாம்.

முக்கால் பங்கு என்று நம் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். அரை நாள் கேளுங்கள். 'ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும் சார்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் உங்கள் துறைத் தலைவர், அதாவது ஹெச்.ஓ.டி., 'தாராளமா பண்ணுங்கம்மா' என்பார். அடுத்த வாரமே வார்டில் ஆள் இல்லை என்று போன் வரும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் கையில் இருப்பது ரோஸ்டர் என்ற டியூட்டிப் பட்டியல் மட்டும்தான். அந்த ரோஸ்டரிலேயே உங்கள் பெயருக்கு நேரே, புதன் 2 முதல் 5 வரை 'ஆராய்ச்சி' என்று ஏற வேண்டும். அந்த மூன்று மணி நேரம் வார்டைப் பார்ப்பவர் பெயரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஆளை நீங்களே பேசி வைத்துக்கொண்டு போங்கள். அவருடைய ஞாயிறு டியூட்டி ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடியும். ஆறு மாதத்துக்கு என்று கேளுங்கள், நிரந்தரமாக என்றால் பயப்படுவார்.

அப்புறம், ஆள். வழிகாட்டி என்றதும் எல்லாம் தெரிந்த ஒரே குருவைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். அப்படி ஒருவர் கிடைத்தாலும் அவருக்கு நேரம் இருக்காது. வேலையைப் பிரித்துக் கொடுங்கள். உங்கள் நேரத்தைக் காக்க ஒருவர் வேண்டும், அது உங்கள் துறைக்குள்ளேயே இருக்கும் மூத்தவர். ஆய்வை வடிவமைக்க, எத்தனை நோயாளிகள் தேவை என்று கணக்குப் போட இன்னொருவர். இதற்கு உங்கள் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்குப் போங்கள். தீசிஸில் கையெழுத்து வாங்க மட்டும் அங்கே போய்வந்த பாவம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப் பரவலியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சியைப் பிஜி காலத்தில் சான்றிதழுக்காக முடித்திருப்பீர்கள். இப்போது கையில் ஒரு கேள்வியோடு அதே பாடங்களை மறுபடி பாருங்கள், வேறு மாதிரி தெரியும். மூன்றாவது ஆள் காசநோயில் ஊறியவர். அதற்குச் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது.

அவரிடம் 'எனக்கு ஒரு டாபிக் கொடுங்கள்' என்று மட்டும் போகாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும், இப்படி:

'மேடம், கடந்த ஒரு வருடத்தில் எங்களிடம் சிகிச்சை தொடங்கிய காசநோயாளிகளின் பதிவேட்டைக் கமிட்டி அனுமதியோடு பார்த்தேன். சர்க்கரை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து, இரண்டாம் மாத முடிவில் எத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனை நெகட்டிவ் ஆனது என்ற அட்டவணையை இணைத்திருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களில் பலருக்கு ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) எடுக்கவே இல்லை. இதில் தொடரத் தகுந்த கேள்வி எது? இருபது நிமிடம் தந்தால் நேரில் வருகிறேன்.'

இதற்குப் பதில் வர வாய்ப்பு அதிகம், அட்டவணை தயாராக இருப்பதால். கடிதத்தில் 'கமிட்டி அனுமதியோடு' என்று இருப்பதையும் கவனியுங்கள். பழைய பதிவேட்டைப் புரட்டுவதற்கும், ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியிடம் போக வேண்டும். ஆபத்து மிகக் குறைவான ஆய்வுகளுக்கு விரைவுப் பரிசீலனை உண்டு.

ரத்த அடையாளத்தைத் தேடும் ஆசை நல்லதுதான். ஆனால் அதற்கு மாதிரிகளைச் சேமிக்க ஃப்ரீசர், ஆய்வகம், சிகிச்சை முடியும்வரை நோயாளிகளைத் தொடர ஆள் எல்லாம் வேண்டும். அது இரண்டாவது படி. முதல் படியில் கேள்வி சின்னதாக இருப்பது குறையே இல்லை. இதே சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்றைய சேத்துப்பட்டு நிறுவனம். அவர்கள் 193 நோயாளிகளை வைத்துக் கேட்டது ஒன்றே ஒன்று: சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு நிகராக, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் ஏழைக்கும் குணமாகுமா? ஆகும் என்று 1959-ல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையின் போக்கு மாறியது. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும் நோயாளியிடம் முதலில் பார்ப்பது எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது போன்றவைதான். ஆய்வில் தெரிந்தது படுக்கைவரை போய்ச் சேர வேண்டும் என்றால் அதைச் செவிலியர் இரண்டு நிமிடத்தில் செய்ய முடிய வேண்டும்.

சரி, அந்த வெளியூர்ப் பேராசிரியர். அனுப்பாதீர்கள். நோயாளிகளின் விவரம் உங்கள் சொத்து அல்ல, கமிட்டி அனுமதி இல்லாமல் கல்லூரியைத் தாண்டக் கூடாது. 'பெயரைச் சேர்த்துவிடுகிறேன்' என்பதும் சரியான பேச்சு அல்ல. கட்டுரையில் பெயர் வர, ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், அதற்குப் பொறுப்பு என்ற நான்கும் வேண்டும் என்பது மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்த அளவுகோல். நானும் சூடு பட்டவன்தான். உதவிப் பேராசிரியராக இருந்தபோது, இரண்டு வருடம் கேஸ் ஷீட் கேஸ் ஷீட்டாகச் சேர்த்ததை ஃபிளாப்பியில் ஏற்றி ஒரு பெரியவர் கையில் கொடுத்தேன். கட்டுரை வந்தது, என் பெயர் ஆறாவது. ஃபிளாப்பி வரவே இல்லை. அதனால் யார் முதல் பெயர், யார் கடைசி என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சமாக இருக்கும். நல்ல வழிகாட்டி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், எடுத்துக்கொண்டால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தானே.

ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் அன்று இரவே மூன்று வரி மெயில் போடுங்கள்: என்ன பேசினோம், அடுத்து நான் செய்வது, நீங்கள் பார்த்துத் தருவது. பெரியவர்களுக்கு மறதி அதிகம்.

பணத்தை இப்போதே துரத்த வேண்டாம். பதிவேட்டு ஆய்வுக்குப் பெரிய செலவில்லை. ஒரு கட்டுரை வந்த பிறகு ஐ.சி.எம்.ஆர். நிதிக்கு எழுதலாம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் (டி.பி.டி.) பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய டி.பி.டி.–வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்றே ஃபெலோஷிப் வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். பின்னால் மருந்தையோ சிகிச்சை முறையையோ ஒப்பிடும் டிரையல் பக்கம் போனால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ டிரையல்களின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரல் முதல் பிந்திய பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

அடுத்த மாத ரோஸ்டர் இன்னும் போர்டில் ஒட்டப்படவில்லை என்றால் நாளைக்கே ஹெச்.ஓ.டி.யைப் பாருங்கள். புதன் பிற்பகல் கிடைத்துவிட்டால் பீச் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுங்கள், சேத்துப்பட்டு எழும்பூருக்கு அடுத்த ஸ்டேஷன். மூன்று மணிக்குச் சந்திப்பு வைத்துக்கொண்டாலும் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருவதற்குள் வீட்டில் இருக்கலாம்.