ஹெல்ட் பால்: தொட்ட கையும் பிடித்த கையும்

அன்புள்ள ஐயா,

கூடைப்பந்து நடுவர் பணியில் இது எனக்கு முதல் ஆண்டு. கூடையை நோக்கிப் பந்துடன் எழும்பியவரின் பந்தில் தடுப்பவர் கை வைத்தார். இருவரும் பந்தை விடாமலேயே தரையிறங்கினார்கள். நான் டிராவலிங் (பந்துடன் விதிமீறிக் கால் நகர்த்தியது) கொடுத்தேன். உடனிருந்த மூத்த நடுவர் அது ஹெல்ட் பால் என்றார். எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருப்பதுபோல இருவர் கையும் பந்தில் இறுகியிருந்த நிலையில் அவர்கள் தரையிறங்கியிருந்தால், மூத்தவர் சொன்னதே சரி. சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி, எதிரெதிர் அணியினர் ஒரு கையாலோ இரு கைகளாலோ பந்தை உறுதியாகப் பற்றியிருந்து, முரட்டுத்தனம் காட்டாமல் எவராலும் அதைத் தன்வசப்படுத்த முடியாத நிலையே ஹெல்ட் பால். இறங்கும்போது ஒருவரின் கால் எல்லைக்கோட்டில் பட்டாலும் தீர்ப்பு மாறாது. தடுத்தவரின் கை பந்தைத் தொட்டுவிட்டு விலகியிருக்க, எழும்பியவர் பந்தைக் கைவிடாமல் தானே ஏந்திக்கொண்டு இறங்கியிருந்தால் மட்டுமே உங்கள் டிராவலிங் நிற்கும்.

நீங்கள் கால்களையே கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த நொடியில் கண் விரல்கள்மீது இருக்க வேண்டும். பந்தின்மேல் விரித்து வைத்த உள்ளங்கையைப் பிடி என்று கொள்ள முடியாது. பந்தை வைத்திருப்பவர் தோளைத் திருப்பியதும் அது வழுக்கிவிடும். விரல்கள் பந்தைச் சுற்றி வளைந்து, ஒருவர் இழுக்கும்போது மற்றவரின் உடலும் சேர்ந்து வருமானால் அதுதான் பிடி. நான்கு கைகள் பந்தருகே தெரிந்ததுமே விசில் ஊதிவிடுவது புதியவர்களின் வழக்கம். நானும் அப்படி ஊதியவன்தான். ஹெல்ட் பாலில் பந்து எந்த அணிக்கு என்று காட்டும் அம்பு எதிரணிப் பக்கம் இருந்தால், பந்தை இழக்காத ஓர் அணி நம் அவசரத்தால் அதை இழந்துவிடுகிறது. அதற்காகப் பிடி இறுகிய பின்னும் காத்திருந்தால் முழங்கைகள் வீசத் தொடங்கிவிடும்.

தரையில் கிடப்பவர்மேல் இன்னொருவர் விழும்போது, அவர் பற்றியிருப்பது பந்தையா, கீழே கிடப்பவரின் கையையா என்று பாருங்கள். கை என்றால் ஃபவுல்.

தீர்ப்பளித்ததும் இரு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்டி, அம்பின் திசையைச் சுட்டுங்கள். ஏற்கெனவே பந்தை வைத்திருந்த அணிக்கே த்ரோ இன் (எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது) கிடைத்தால், கூடையை நோக்கி எறிய அணிக்குள்ள நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கை 24 நொடிக்கு மாற்ற விடாதீர்கள். மீதமிருந்த நொடிகளே தொடரும். அந்த த்ரோ இன் முடிந்த பிறகுதான் அம்பு திரும்பும். அதற்குள் எந்த அணி ஃபவுல் செய்தாலும் அம்புக்குரிய அணியின் முறை பறிபோவதில்லை. அமெரிக்காவின் என்பிஏ தொழில்முறை ஆட்டங்களில் ஹெல்ட் பாலுக்கு இன்றும், நடுவர் மேலே எறியும் பந்துக்கு இருவர் எழும்பும் ஜம்ப் பால்தான் என்பதால், அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய யாராவது உங்களிடம் வாதிட வரக்கூடும்.