பிளஸ் ஒன்னில் அரசியல் அறிவியல் எடுக்கலாமா? தயங்கும் பெற்றோருக்குச் சில விவரங்கள்

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, “சயின்ஸ் குரூப் வேண்டாம், அரசியல் அறிவியல் படிக்கிறேன்” என்று சொன்னால் வீட்டில் உடனே எழும் கேள்வி, “அதைப் படித்துவிட்டு என்ன செய்வாய்?” என்பதுதான். நியாயமான கேள்வி, அதற்குப் பிறகு வருகிறோம். அதற்கு முன் நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அதில் சொல்லியிருப்பதைத் தன் சொந்த வார்த்தையில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். இப்படி நான்கைந்து நாள் செய்யட்டும். சலிக்காமல் எழுதுகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் பொருந்தும். டிவி விவாதம் பிடிக்கும், எழுதத்தான் பிடிக்காது என்றால் கொஞ்சம் நிதானிக்கலாம். இரண்டு வருடமும் எழுத்துதான் இந்தப் பாடத்தின் வேலை.

என்ன படிக்க வேண்டியிருக்கும்? சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் ஒன்னுக்கு இரண்டு புத்தகங்கள். அரசியலமைப்பு எப்படிச் செயல்படுகிறது என்பது ஒன்று. சுதந்திரம், சமத்துவம், நீதி, உரிமை போன்ற கோட்பாடுகள் இன்னொன்று. பிளஸ் டூவிலும் இரண்டு. ஒன்று உலக அரசியல்: சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சி, ஐரோப்பிய ஒன்றியம், ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு, சீனா, தெற்காசியா, ஐ.நா., பாதுகாப்பு, சுற்றுச்சூழல், உலகமயமாதல். மற்றது சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்திய அரசியல்: மாநிலச் சீரமைப்பு, காங்கிரஸ் ஆதிக்கம், திட்டமிட்ட வளர்ச்சி, வெளியுறவு, நெருக்கடி நிலை, மாநிலங்களின் அபிலாஷைகள், கூட்டணி ஆட்சிகள். புத்தகத்துக்கு 40 வீதம் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், செயல்திட்டம் 20. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. பிளஸ் டூ புத்தகம் அரசியலமைப்பு, சட்டமன்றம், நீதித்துறை, கூட்டாட்சி ஆகியவற்றில் தொடங்கி அண்டை நாடுகள், பன்னாட்டு அமைப்புகள் வரை போகிறது.

மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தப் பாடம் எல்லாப் பள்ளிகளிலும் கிடைக்காது. சேர்க்கைக்கு முன் பள்ளியில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். அரசியல் அறிவியலுக்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது வரலாற்று ஆசிரியரே சேர்த்து நடத்துகிறாரா? எழுத்துப் பயிற்சிக்கான விடைகளைத் திருத்திக் கொடுப்பார்களா? இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால், முதல் கேள்விக்கு வரும் பதில் அவ்வளவு முக்கியமில்லை.

எந்தக் கதவு மூடும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இயற்பியல், வேதியியல் இல்லாமல் பொறியியலும் மருத்துவமும் கிடையாது. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வு வழியாக ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப் மாணவரும் போகலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். பலர் கவனிக்காத இடம் பொருளாதாரம். டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் பொருளாதாரத்துக்கு நுழைவுத் தேர்வில் கணிதம் கட்டாயம். ஆகவே பிள்ளைக்குக் கணிதம் ஓரளவு வருமென்றால், பள்ளி அனுமதித்தால், அரசியல் அறிவியல், பொருளாதாரம், கணிதம் மூன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். கலைப் பிரிவில் இதைவிட வலுவான சேர்க்கை இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆர்ட்ஸ் குரூப் என்றாலே கணக்கிலிருந்து தப்பிக்கும் வழி என்று பிள்ளை நினைத்தால் அதை முதலிலேயே பேசித் தெளிவாக்குங்கள்.

இனி மதிப்பெண் எங்கே போகிறது என்பது. ‘ஈஸி சப்ஜெக்ட்’ என்ற பேச்சை நம்பிச் சேர்ந்து, அரையாண்டில் 60-ஐத் தாண்ட முடியாமல் குழம்பும் பிள்ளைகள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

முதல் தவறு, காரணம் கேட்டால் கதை எழுதுவது. “சோவியத் ஒன்றியம் ஏன் சிதைந்தது?” என்பது சி.பி.எஸ்.இ.யில் அடிக்கடி கேட்கப்படும் 6 மதிப்பெண் வினா. கோர்பசேவ் 1985-ல் பதவிக்கு வந்தார், சீர்திருத்தம் செய்தார், 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது, 1991 டிசம்பரில் எல்லாம் முடிந்தது என்று பிள்ளை ஒரு பக்கம் எழுதிவிடும். அத்தனையும் சரி, ஆனால் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அணு ஆயுதத்துக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளைத் தாங்கவும் செலவழித்துத் தேங்கிப்போன பொருளாதாரம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் பதில் சொல்லாமல் ஆண்ட ஒரே கட்சி. மேலை நாடுகளின் வாழ்க்கைத்தரம் தெரியவந்தபோது மக்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றம். தொடங்கிய பிறகு கட்டுக்குள் நிற்காத சீர்திருத்தம். கடைசியாகவும் உடனடியாகவும் தள்ளியது பால்டிக் குடியரசுகள், உக்ரைன், ஜார்ஜியா, ரஷ்யா ஆகியவற்றில் எழுந்த தேசிய உணர்வு. இப்படிக் காரணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று வைத்து, எது ஆழமான காரணம், எது உடனடிக் காரணம் என்று சொல்லும் விடைக்குத்தான் முழு மதிப்பெண். 6 மதிப்பெண் வினாவுக்கு 170 முதல் 180 சொற்கள் போதும்; மூன்று பக்கம் எழுதுவதால் மதிப்பெண் கூடிவிடாது.

அடுத்தது, அருகருகே இருக்கும் கருத்துகளைக் குழப்புவது. அணிசேராமை வேறு, நடுநிலை வேறு. நடுநிலை நாடு போரிலிருந்து விலகி நிற்கும். 1961-ல் பெல்கிரேடில் கூடிய 25 அணிசேரா நாடுகள் போரைத் தடுக்கவும் இரு முகாம்களுக்கும் இடையே சமரசம் பேசவும் முயன்றன. ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு. ரத்து அதிகாரம் (வீட்டோ) பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களில் 5 நிரந்தர உறுப்பினர்களுக்கு மட்டும். ஆசியான் தொடங்கியது 1967, தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க் 1985. முன்னதில் இந்தியா உறுப்பினர் இல்லை, பின்னதில் உண்டு. இந்த மாதிரி இணைகளுக்கு ஒரு தனி நோட்டுப் போட்டு, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று எழுதி வைத்தால் ஒரு மதிப்பெண் வினாக்களில் பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது தவறு நல்ல மாணவர்களிடமே அதிகம்: பிளஸ் ஒன் பாடத்தை மறந்துவிட்டு பிளஸ் டூவைப் படிப்பது. 1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் மக்களவையின் 489 இடங்களில் 364-ஐப் பிடித்தது. வாக்கில் சுமார் 45 சதவீதம், இடத்தில் 74 சதவீதம். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதற்கான விடை, தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற தேர்தல் முறையில் இருக்கிறது. அது பிளஸ் ஒன் பாடம். 1967-ல் சென்னை மாநிலத்தில் தி.மு.க. தனிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்ததை எழுதும்போதும் கூட்டாட்சிப் பாடம் கூடவே வர வேண்டும். மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356-வது பிரிவைப் பற்றி எழுதும் விடையில் 1994-ன் பொம்மை வழக்குத் தீர்ப்பு, அதாவது பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்பது, ஒரு வரியாவது இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. மத்திய-மாநில உறவை ஆராய 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்தது நம் மாநில அரசுதான். மத்திய அரசு 1983-ல் அமைத்த சர்க்காரியா ஆணையத்தோடு இதையும் சேர்த்து எழுதினால் விடை தனித்துத் தெரியும்.

சி.பி.எஸ்.இ.யில் வரைபட வினா 4 மதிப்பெண். குறிப்பைப் படித்து மாநிலத்தை அடையாளம் கண்டு, பெயர், குறிப்பின் எண், வரைபடத்தில் உள்ள எழுத்து மூன்றையும் விடைத்தாளில் எழுத வேண்டும். மாநிலம் தெரிந்தும் எண்ணை விடுவதால் மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

சி.பி.எஸ்.இ. வினாத்தாளில் மொத்தம் 30 வினாக்கள்: ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண் 6, நான்கு மதிப்பெண் 5, பத்தி, கேலிச்சித்திரம், வரைபடம் என 3, ஆறு மதிப்பெண் 4. மூன்று மணி நேரத்தை 15, 25, 50, 25, 60 நிமிடங்களாகப் பிரித்தால் கடைசியில் 5 நிமிடம் மிஞ்சும். ஆறு மதிப்பெண் வினாக்களைக் கடைசிக்குத் தள்ளி நேரம் பற்றாமல் போனால் இழப்பு பெரிது, அதனால் பலருக்கு அவற்றை முதலில் எழுதுவதே நல்லது. எது ஒத்துவருகிறது என்பதை நவம்பருக்குள் முழு வினாத்தாள்கள் இரண்டு மூன்றாவது எழுதிப் பார்த்து முடிவு செய்யட்டும். செயல்திட்டத்தின் 20 மதிப்பெண்ணில் நேர்முகக் கேள்விகளும் உண்டு. பிளஸ் டூவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் சேர்ந்து மதிப்பிடுகிறார். இணையத்திலிருந்து எடுத்து அழகாக அச்சடித்த பக்கங்கள் அங்கே காப்பாற்றாது. தலைப்பு சிறிதாக இருக்கட்டும், ‘ஐ.நா.’ என்பதற்குப் பதில் ‘பாதுகாப்பு அவைச் சீர்திருத்தமும் இந்தியாவின் கோரிக்கையும்’ என்றால் பிள்ளையால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியும்.

டியூஷன் வேண்டுமா என்பது பல பெற்றோரின் கேள்வி. பாடத்தைத் திரும்ப நடத்துகிறவர் தேவையில்லை. வாரம் இரண்டு விடைகளைத் திருத்தி, “இங்கே சான்று எங்கே?” என்று கேட்கிறவர் கிடைத்தால் போதும். அது வீட்டில் உள்ள அண்ணனாகவோ அத்தையாகவோ இருக்கலாம்.

செய்தித்தாள் தினமும் அரை மணி. ஒரு தலையங்கம், ஒரு வெளிநாட்டுச் செய்தி, அந்த நாட்டை உலக வரைபடத்தில் தேடிப் பார்ப்பது. அதற்கு மேல் வேண்டாம். பொதுத்தேர்வு பாடப்புத்தகத்திலிருந்துதான் வருகிறது. நேற்றைய செய்தியை வைத்து இன்றைய விடையை நிரப்பினால் திருத்துபவருக்கு விடைக்குறிப்பில் அது இருக்காது.

கட்சி அரசியல் பற்றிய பயமும் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கட்சியை விமர்சிக்கலாம், நீங்கள் கோபப்படலாம். விவாதத்தை அடக்காதீர்கள், “எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். நெருக்கடி நிலை சரியா தவறா என்று கேட்கும் வினாவுக்கு, 1975-ல் அரசு சொன்ன காரணத்தையும் அதற்கு எதிரான வாதத்தையும் இரண்டையும் வைத்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வராது.

இப்போது அந்த முதல் கேள்வி: படித்துவிட்டு என்ன செய்வது? இந்தப் பாடம் தனியாக வேலை தருவதில்லை. அதோடு இன்னொன்றைச் சேர்த்தால்தான் தருகிறது, அந்த இன்னொன்றை பிளஸ் டூவுக்குள் அடையாளம் காண வேண்டும்.

சட்டம் மிக நேரான வழி. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற தேசிய அளவிலான சட்ட நுழைவுத் தேர்வு: 120 வினா, 2 மணி நேரம், தவறுக்கு 0.25 கழிவு, ஆங்கிலத்தில் மட்டும். அண்மை ஆண்டுகளில் அது டிசம்பரிலேயே நடக்கிறது. ஆகவே தமிழ்வழி மாணவர் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே ஆங்கில வாசிப்பைத் தொடங்க வேண்டும்.

குடிமைப் பணித் தேர்வு எல்லாப் பெற்றோரின் நாவிலும் இருக்கிறது. 21 வயதும் ஏதாவது ஒரு பட்டமும் வேண்டும். முதன்மைத் தேர்வில் (மெயின்ஸ்) அரசியலமைப்பும் பன்னாட்டு உறவும் ஒரு பொதுத்தாளின் பெரும்பகுதி, அரசியல் அறிவியலையும் பன்னாட்டு உறவையும் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம், தமிழிலேயே எழுதலாம். இந்திய வெளியுறவுப் பணிக்கும் இதே தேர்வுதான், தனி வழி இல்லை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளிலும் இந்திய ஆட்சியியல் உண்டு. ஆனால் இந்த ஒன்றை மட்டும் நம்பி பிள்ளையின் இருபதுகளைத் திட்டமிடாதீர்கள். பட்டம் முடிக்கும்போது கையில் இன்னொரு பிழைப்பும் இருக்கட்டும்.

ஐ.நா.விலும் பன்னாட்டு அமைப்புகளிலும் வேலை என்றால் முதுநிலைப் பட்டமும் மொழியும். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஆங்கிலம் தவிர்த்து பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு, ரஷ்யன், சீனம் ஆகியவற்றில் ஒன்றைக் கல்லூரி முதலாண்டிலேயே தொடங்குவது நல்லது. தேர்தல் ஆய்வு, கொள்கை ஆய்வு, தரவு சார்ந்த இதழியல் பக்கம் போக விரும்பினால் புள்ளியியல் தெரிய வேண்டும். கணிதத்தை விடாதீர்கள் என்று சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். பள்ளி ஆசிரியர் வேலையை மட்டும் மனதில் வைத்திருந்தால், இந்தப் பாடம் உள்ள பள்ளிகள் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். கல்லூரி ஆசிரியராக முதுநிலையும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வும் வேண்டும்.

கல்லூரிக்கு சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவற்றில் இளநிலை அரசியல் அறிவியல் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) பி.ஏ. அரசியல் அறிவியல் கிடையாது, பன்னாட்டு உறவுக்கு எம்.ஏ.வில்தான் போக முடியும். இதைத் தெரியாமல் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. க்யூட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒரு பாடத்துக்கு 50 வினா, 60 நிமிடம், சரிக்கு 5, தவறுக்கு 1 கழிவு, அதிகபட்சம் 5 பாடங்கள். விண்ணப்பிக்கும்போது எந்தெந்தப் பாடம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பெரிய இழப்பு நடக்கிறது. டெல்லிக்கு ஒரு சேர்க்கை, திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு சேர்க்கை என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெவ்வேறு பாடத் தொகுப்பைக் கேட்கும். விரும்பும் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் தகுதி விதிகளை அவற்றின் சொந்த இணையதளத்தில் படித்து, ஒரு தாளில் அருகருகே எழுதி, எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களை முதலில் குறித்துவிட்டு, அதன் பிறகு விண்ணப்பத்தைத் திறக்கச் சொல்லுங்கள். திருத்தம் செய்ய விடும் சில நாட்கள் முடிந்துவிட்டால் பாடத்தை மாற்ற முடியாது.