பேசுகிற கிளி வேண்டுமாம் மகளுக்கு

கேள்வி: எட்டு வயது மகள் பேசுகிற கிளி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் பச்சைக்கிளிக் குஞ்சு பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் அடைத்து வைப்பது எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. 'ஊரில் எத்தனையோ வீட்டில் இருக்கிறதே' என்ற சமாதானம் வனத்துறையிடம் எடுபடாது. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மரப்பொந்துக்குள் கையை விட்டு, இறகுகூட முளைக்காத குஞ்சுகளை அள்ளி வருகிறார்கள். வழியிலேயே செத்துப்போவதும் உண்டு. பிழைத்த ஒன்றைத்தான் உங்களிடம் கொடுக்கப் போகிறார் அந்தத் தெரிந்தவர்.

சரி, கடையில் விற்கும் வெளிநாட்டுக் கிளிகள்? நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சின்னக் கிளிகளையும் காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளியையும் வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை வாங்கினால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2024இல் வந்த விதி அது. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். காக்கட்டீல் பதினைந்து, இருபது வருடம் வாழும். சாம்பல் கிளி நாற்பதைத் தாண்டும். உங்கள் மகள் கல்லூரிக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகும் அதற்குத் தீனி வைக்கப்போவது நீங்கள்தான்.

கிளி கூட்டமாக வாழ்கிற பறவை. தனியாக வளரும்போது உங்களையே தன் கூட்டமாக நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் குரலில் பேசப் பழகுகிறது. காலையில் கூண்டுக்குள் விட்டுவிட்டு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால்? கத்தும். கம்பியைக் கடிக்கும். அப்புறம் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். நெஞ்சு முழுக்க வெறும் தோலாக, அலகு எட்டாத தலையில் மட்டும் இறகோடு நிற்கும் கிளியை ஒருமுறை பார்த்தால் வாங்கும் ஆசை போய்விடும். தினமும் சில மணி நேரம் அதை வெளியே விட்டுக் கூடவே இருக்க உங்கள் வீட்டில் ஆள் உண்டா? அப்படி விடும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிட்டு மறந்தால், அந்தப் புகையிலேயே கிளி சில நிமிடங்களில் இறந்துவிடும். சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கொழுப்பு ஏறி ஈரல் கெடும். கீரை, காய், பழம் எல்லாம் வேண்டும். நாய், பூனை பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் பறவை பார்ப்பதில்லை. பார்ப்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

இத்தனைக்கும் சரி என்றால், மகளுக்காக அல்ல, உங்களுக்காக வாங்குங்கள். எட்டு வயதுப் பிள்ளை தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை.

ஏற்கெனவே பச்சைக்கிளி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டுக் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கையிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கையும் பூனையும் விட்டு வைக்காது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.