தையல் இங்கே, லாபம் எங்கே?

கேள்வி: என் மகள் ஹட்டன் பக்கம் ஒரு கார்மென்டில் லைனில் தைக்கிறாள். தைப்பதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் லேபலோடு கப்பல் ஏறுகிறது. சொந்த நாட்டில் தைக்காமல் இவ்வளவு தூரம் அனுப்புவதால் அந்தக் கம்பெனிகளுக்கு என்ன கிடைக்கிறது? கூலி குறைவு, அவ்வளவுதானா?
(வாசகி, ஹட்டன்)

பதில்: கூலிதான் முதல் காரணம். ஆனால் அது மட்டும்தான் என்றால், எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று அளவு வைத்திருந்த உலக வர்த்தகத்தின் கோட்டா முறை 2005இல் முடிந்தபோதே இலங்கையின் ஆடைத் தொழில் முழுதாகப் போயிருக்க வேண்டும். அப்படித்தான் பலரும் பயந்தார்கள், சின்ன பெக்டரிகள் பல மூடப்பட்டதும் உண்மை, ஆனாலும் தொழில் அழியாமல் நிலைத்து நின்றது. காரணம் கைத்திறமை. ஒரு பிராவை எடுத்துக்கொண்டால் இருபதுக்கு மேற்பட்ட சின்னத் துண்டுகளை, இழுபடும் துணியும் இழுபடாத துணியும் கலந்து, கொஞ்சமும் பிசகாமல் சேர்க்க வேண்டும், அதுவும் மணிக்கணக்கு டார்கெட்டுக்குள். உங்கள் மகளைப் போன்றவர்களின் அந்தக் கையையும் சேர்த்துத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்.

அப்புறம், தையலை வெளியே கொடுத்த கம்பெனியின் உற்பத்தித்திறன், அதாவது ஓர் ஆள் உண்டாக்கும் மதிப்பு, கூடிவிட்டது என்று சொல்வார்களே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, அங்கே 100 பேர் வேலை செய்கிறார்கள். டிசைன், விற்பனை பார்க்கும் 20 பேர் ஆளுக்கு ஒரு நாளில் 10,000 ரூபா மதிப்பு உண்டாக்குகிறார்கள், தைக்கும் 80 பேர் ஆளுக்கு 4,000 ரூபா. சராசரி 5,200. தையலை முழுதாக வெளிநாட்டுக்குக் கொடுத்தால் மிஞ்சும் 20 பேரின் சராசரி 10,000. ஏட்டில் உற்பத்தித்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஆனால் யாரும் நேற்றைவிட வேகமாக வேலை செய்யவில்லை, கணக்கில் இருந்த ஆட்கள் வெளியே போய்விட்டார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, கடல் கடந்து ஆள் பிடித்து, தரம் பார்த்து, சரக்கைக் கொண்டுபோக முதலிலேயே செலவு இருக்கிறது, அதைத் தாங்குவது பெரும்பாலும் ஏற்கெனவே பெரிதாகவும் திறமையாகவும் இருக்கிற கம்பெனிகள்தான், ஆகவே அவர்கள் முன்னேறியதற்கெல்லாம் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அதற்காக ஆதாயமே இல்லை என்பதும் தப்பு. 1992 முதல் 2000 வரையான அமெரிக்க உற்பத்தித் துறையை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் மேரி அமிட்டி, ஷாங்-ஜின் வெய் இருவரும் அந்தக் காலத்து உற்பத்தித்திறன் வளர்ச்சியில் சுமார் 10 சதவீதம் கணினி, கணக்கு போன்ற சேவைகளை வெளிநாட்டில் செய்வித்ததாலும், சுமார் 5 சதவீதம் உற்பத்திக்கு வேண்டிய பொருட்களை வெளிநாட்டில் வாங்கியதாலும் வந்தது என்று கண்டார்கள். ஆதாயம் உண்மை, ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. மிச்சப்படுத்திய காசைப் புது மெஷினிலும் புது டிசைனிலும் போட்ட கம்பெனிதான் நிலைக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: வேலையை வெளியே கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் கம்பெனிக்கே வேலை மறந்துபோகாதா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: மறந்துதான் போகும். போயிங் கம்பெனி தன் 787 விமானத்தின் பெரும் பாகங்களை, டிசைன் பொறுப்பையும் சேர்த்து, பல நாட்டுக் கம்பெனிகளிடம் விட்டது. பாகங்கள் ஒழுங்காகப் பொருந்தவில்லை, முடிக்காத வேலையோடே வந்து சேர்ந்தன. 2008இல் கொடுக்க வேண்டிய முதல் விமானத்தை 2011இல்தான் கொடுக்க முடிந்தது, இடையில் ஒரு பாகம் செய்த பெக்டரியையே விலைக்கு வாங்க வேண்டியும் வந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜியோஸ்பிரிங் என்ற தண்ணீர் சூடாக்கி. சீனாவில் செய்வித்ததை 2012இல் அமெரிக்காவின் லூயிவில் பெக்டரிக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே செப்புக் குழாய்கள் ஒரே சிக்கல், ஒட்டவைப்பதே பெரும்பாடு. இஞ்சினியரும் லைனில் நிற்கும் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து புதிதாக வரைந்தார்கள். பொருத்த 10 மணித்தியாலம் எடுத்தது 2 மணித்தியாலமாகக் குறைந்தது, கடை விலையும் 1,599 டொலரிலிருந்து 1,299க்கு இறங்கியது. செய்பவரும் வரைபவரும் இரண்டு கண்டத்தில் இருந்தவரை அந்த 8 மணித்தியாலம் வீணாகிறது என்று யாருக்குமே தெரியவில்லை!

கேள்வி: இலங்கைக் கம்பெனிகளே இப்போது வெளிநாட்டில் பெக்டரி போடுகிறார்கள். நம் பிள்ளைகளின் வேலை என்னாகும்?
(வாசகர், பதுளை)

பதில்: போட்டுக் கன காலமாகிறது. பிராண்டிக்ஸ் விசாகப்பட்டினம் பக்கம் ஓர் ஆடை நகரத்தையே கட்டியிருக்கிறது, எம்.ஏ.எஸ். ஹெயிட்டி வரை போயிருக்கிறது. இங்கே தையலுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, வரிச்சலுகையும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையை நாம் 2010இல் இழந்து 2017இல்தான் திரும்பப் பெற்றோம், அந்த ஏழு வருடமும் பெக்டரிகள் பட்ட பாடு தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எத்தியோப்பியாவை நம்பிப் போனவர்களுக்கும் 2022இல் அமெரிக்கச் சலுகை இல்லாமல் போனது.

உங்கள் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். வேறு இடத்துக்கு முதலில் போவது வெறும் தையல் லைன்தான். பேட்டர்ன் வெட்டுவது, சாம்பிள் ரூம், ஒவ்வொரு தையலுக்கும் நேரம் அளந்து லைனைப் பிரிப்பது, வாங்குகிற கம்பெனியோடு பேசுவது, இவையெல்லாம் தாய்க் கம்பெனியோடுதான் நிற்கும். நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் ஒரே மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த வேலைகளுக்குக் கொழும்புப் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இவை ஏன் எட்டக்கூடாது? தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இந்தப் பயிற்சியையும் கேட்க வேண்டும், தமிழில், ஹட்டனிலும் பதுளையிலுமே.